ஸ்பாஞ்சுத் தலையும் விலங்கு முகமூடியும்: பட்டறைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ரப்பர் ஷீட் உலர்த்தும் ஓடு வேய்ந்த பழைய கொட்டகை ஒன்றுதான் எங்கள் பட்டறை. கரடி, புலி, யாளி, டைனோசர், பெயர் வைக்க முடியாத சில பூதங்கள் எல்லாம், ஆள் போட்டுக்கொள்ளும் ஸ்பாஞ்ச் வேடத் தலைகளாக இங்கே செய்கிறோம். பள்ளி ஆண்டு விழாவுக்கும் திருமண வரவேற்புக்கும் கிறிஸ்துமஸ் பவனிக்கும் தலை கேட்டு வருகிறார்கள். சமீப காலமாகத் தாங்களே செய்து பார்க்க விரும்பும் இளைஞர்களும் வருகிறார்கள். பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்ததால் எழுதி வைக்கிறேன்.

எந்த ஸ்பாஞ்ச் வாங்க வேண்டும்?

மெத்தைக் கடையிலும் குஷன் கடையிலும் கிடைக்கும் சாதாரண பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் போதும். கடைக்காரர் "டென்சிட்டி எவ்வளவு?" என்பார். மிரள வேண்டாம். ஒரு கன மீட்டர் ஸ்பாஞ்ச் எத்தனை கிலோ இருக்கும் என்பதுதான் அந்த எண். தலைக்கு 23 முதல் 28 வரை நல்லது. 6 அடி நீளம், 3 அடி அகலம், 1 அங்குல கனம் உள்ள ஷீட் 28 டென்சிட்டியில் ஏறக்குறைய 1.2 கிலோ இருக்கும். அதே ஷீட் 40 டென்சிட்டியில் 1.7 கிலோ. அந்த அரைக் கிலோ கையில் பெரிதாகத் தெரியாது, கழுத்தில் தெரியும். கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். பள்ளம் உடனே நிரம்பினால் வாங்கலாம். யோசித்து யோசித்து நிரம்பினால் விட்டுவிடுங்கள்.

கொம்பு, நகம், பல், மூக்கு போன்ற கெட்டியான பாகங்களுக்கு ஈ.வி.ஏ. ஷீட். செருப்பின் அடிப்பாகத்திலும் யோகா விரிப்பிலும் இருப்பது அதுதான். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்டினால் வளையும், ஆறியதும் அப்படியே நிற்கும். மெத்தை ஸ்பாஞ்சிடம் இந்த வித்தை பலிக்காது.

முதலில் எதை வரைய வேண்டும்? முகத்தையா, கொம்பையா?

இரண்டையும் அல்ல. உள்ளே போகப்போகிற ஆளின் தலையை அளந்து எழுதுங்கள். நெற்றிச் சுற்றளவு, உச்சியிலிருந்து தாடை வரை, தாடையிலிருந்து தோள் வரை, கண்களுக்கு நடுவே உள்ள தூரம், மூக்குக் கண்ணாடி போடுபவரா என்பது. வருபவர்கள் எல்லோரும் கைப்பேசியில் ஓர் அரக்கன் படத்தைக் காட்டி "இப்படியே வேண்டும்" என்கிறார்கள். யார் போடப்போகிறார் என்று கேட்டால் "யாராவது போட்டுக்கொள்வார்கள்" என்று பதில் வருகிறது. அந்த யாராவது எப்படிப் பார்ப்பார், எங்கே மூச்சு விடுவார் என்று தெரியாமல் நான் பிளேடை எடுப்பதில்லை.

அளவு எடுத்ததும் ஒரு தெர்மோகோல் தலையையோ பழைய ஹெல்மெட்டையோ வைத்து, அதன் மேல் சமையலறைப் பிளாஸ்டிக் தாளையும் டேப்பையும் சுற்றி, பேனாவால் கோடு போட்டு, கோட்டின் வழியே வெட்டிப் பிரித்தால் மாதிரி கிடைத்துவிடும். உயிருள்ள ஆளின் முகத்தில் பிளாஸ்டிக் சுற்றாதீர்கள். "ஒரு நிமிடம்தானே" என்ற பேச்சே வேண்டாம்.

தட்டையான ஷீட் எப்படி உருண்டைத் தலையாகிறது?

இந்தத் தொழிலின் சூட்சுமம் இது ஒன்றுதான். எனக்கு இது லேசில் பிடிபடவில்லை. முதல் கரடித் தலைக்கு மூன்று ஷீட்டை வீணாக்கினேன். மூன்றுமே கவிழ்த்த வாளிபோல நின்றன. பக்கத்து வீட்டில் ரவிக்கை தைக்கும் அக்கா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, டார்ட் பிடிக்காத ரவிக்கை உடம்பில் உட்காருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டார்ட் என்பது துணி உடம்போடு வளைய மடித்துப் பிடிக்கும் தையல். அவ்வளவுதான் விஷயம். ஷீட்டின் விளிம்பிலிருந்து உள்நோக்கி, பாதி வேப்பிலை வடிவத்தில் ஒரு துண்டை வெட்டி எறிந்துவிடுங்கள். எஞ்சிய இரு ஓரங்களையும் ஒன்றோடொன்று ஒட்டுங்கள். ஷீட் தானாக எழும்பிக் குழியும். இலை குறுகலாக இருந்தால் மெல்லிய மேடு, அகலமாக இருந்தால் செங்குத்தான மேடு. விளிம்பைத் தொடாமல் ஷீட்டின் நடுவில் முழு இலையாக வெட்டி ஒட்டினால் கன்னம் மாதிரி புடைக்கும். சாத்துக்குடித் தோலை உரித்துத் தரையில் அழுத்தினால் ஓரங்கள் பிளந்து விரியும் அல்லவா? நாம் செய்வது அதற்கு நேரெதிர்.

கரடிக்கு நெற்றியில் இரண்டு, பிடரியில் இரண்டு, கன்னத்துக்கு ஒவ்வொன்று. புலிக்குக் கன்னம் இன்னும் அகலம். யாளிக்குப் புருவ மேடும் உருண்ட கண்ணும் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோயில் தூண்களில் யாளியைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு மீதியைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பிளேடைச் சாய்த்துப் பிடித்து வெட்டுங்கள். நேராக வெட்டிய ஓரங்களை ஒட்டினால் வெளிப்பக்கம் வாய் பிளந்து நிற்கும்.

வெட்ட என்ன கருவி? சூட்டுக் கம்பி வாங்கலாமா?

நீள அலகுள்ள சாதாரண கட்டர். புது பிளேடு. ஒரே இழுப்பு. ரம்பம்போல முன்னும் பின்னும் அறுத்தால் ஓரம் எலி கடித்ததுபோல ஆகும். உருண்டை வடிவம் செதுக்கக் கத்தரிக்கோல்.

சூட்டுக் கம்பி தெர்மோகோலுக்கு உரியது. பாலியூரித்தேன் ஸ்பாஞ்சில் அதை வைக்காதீர்கள். பொசுங்கும்போது நச்சுப் புகை வருகிறது. "நாற்றம் கொஞ்சம்தான் வருகிறது" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நாற்றத்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் சம்பந்தமில்லை.

ஒட்டினால் இரண்டே நாளில் பிரிந்துவிடுகிறது. ஏன்?

செருப்புத் தைப்பவரும் சோபா வேலைக்காரரும் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசையைத்தானே பூசுகிறீர்கள்? அதை இரு ஓரங்களிலும் மெல்லியதாகப் பூச வேண்டும். பூசியதும் ஒட்டக்கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் காற்றாட விட்டு, விரலால் தொட்டால் பிசுபிசுக்காத நிலை வந்தபின் சேர்த்து அழுத்த வேண்டும். சேர்ந்தால் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது. ஆகவே நடுவிலிருந்து ஓரம் நோக்கி, விரலளவு விரலளவாக ஒட்டிக்கொண்டு போங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பிரிகிறது என்றால் குற்றவாளி மழை. பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனிபோல நீர் படியும். கண்ணுக்கு ஒரு வெள்ளைப் பூப்பு தெரியும். அதன் மேல் ஒட்டினால் நிற்காது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. எங்கள் வேலைக்காலமோ தசரா தொடங்கி கிறிஸ்துமஸ் வரை. கேட்டு வாங்கிய வம்பு. மழை நாளில் காலை பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை மட்டும் ஒட்டுகிறோம். துண்டுகளை முந்தைய இரவே வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். வெள்ளை பூத்துவிட்டால் அது மறையும்வரை காத்திருந்து, மறுபடி ஒரு பூச்சு.

பசை டப்பா திறந்திருக்கும் அறையில் அடுப்பு மட்டுமல்ல, கொசுவத்தியும் எரியக்கூடாது. ஆவி சட்டென்று பற்றும். தலையையும் கிறுகிறுக்க வைக்கும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். துணி முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த வடிகட்டி உள்ள கவசம் தேவை.

எங்கள் வீட்டில் ரப்பர் தோட்டம் இருக்கிறது. வெட்டிய பாலையே பூசலாமா?

ஒட்டி முடித்த ஸ்பாஞ்சின் மேல் தோல்போல ரப்பர் பால் பூசுகிறோம், அதைப் பற்றிய கேள்வி இது. இந்த மாவட்டத்துக்கே உரிய கேள்வி. மேற்கே திரும்பினால் ரப்பர். அரசு ரப்பர் கழகமே நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு 1984-இல் தொடங்கப்பட்டது. மரத்துப் பாலை வீட்டு முற்றத்தில் வைத்துக்கொண்டு டப்பாப் பாலைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று தோன்றுவது நியாயம்தான். நானும் அப்படி நினைத்து ஒரு புலியைக் கெடுத்தேன்.

விடியற்காலையில் வெட்டி, சிரட்டையில் சொட்டிய பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் நீர். அம்மோனியா சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அம்மோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றி நீரைப் பிரித்து, 60 சதவீத ரப்பர் உள்ள பாலாக மாற்றினால்தான் பூசும்போது கனம் கிடைக்கும். அதுவும் போதாது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத ரப்பர் சூட்டில் இளகும், இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. சிறுவயதில் மரத்தில் ஒட்டி உலர்ந்த ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்து விளையாடியிருப்பீர்கள். வெயிலில் கிடந்த பந்து கையில் ஒட்டிக்கொண்டு வராதா? என் புலியின் முகமும் அப்படித்தான் ஆனது. திங்கள்நகர்ப் பக்கம் ஒரு பள்ளி விழாவில் மதிய வெயிலில் நின்றது. மேல் உதடும் கீழ் உதடும் ஒட்டிக்கொண்டன. புலி அன்று வாயே திறக்கவில்லை.

ஆகவே முன்கூட்டியே வல்கனைஸ் செய்யப்பட்ட, அதாவது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய பாலைக் கேட்டு வாங்குங்கள். உலர்ந்தால் போதும், சுட வேண்டாம். முதல் பூச்சில் சிறிது நீர் கலந்து, தூரிகையால் குத்திக் குத்தி ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் இறக்குங்கள். பால் வெள்ளை மாறித் தேன் நிறத்தில் கண்ணாடிபோல் ஆனால் உலர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் இன்னும் மூன்று மெல்லிய பூச்சு. தூரிகையை முதலில் சோப்பு நீரில் தோய்த்து எடுத்துவிட்டுப் பாலில் விடுங்கள், இல்லையென்றால் ஒரு தலைக்கு ஒரு தூரிகை செலவாகும். கடைசியில் முகப்பவுடர் தூவாவிட்டால் தோல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும்.

சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாது, தடிப்பும் மூச்சிரைப்பும் வரும். பலூன் ஊதினால் உதடு தடிக்கும் என்று சொல்பவருக்கு ரப்பர் பூசிய தலை வேண்டாம்.

முகத்தோடு முகமாக ஒட்டி, சிரித்தால் சிரிக்கும் பூத முகம் செய்து தருவீர்களா?

அது வேறு பொருள். ரப்பர் பாலை முட்டை அடிப்பதுபோல நுரைக்க அடித்து, உறைய வைக்கும் மருந்தைச் சேர்த்து, ஜிப்சம் அச்சில் ஊற்றி, அடுப்பில் மணிக்கணக்கில் வேக வைப்பது. பாலை நுரைக்க வைத்து மெத்தை செய்யும் முறையை டன்லப் நிறுவனத்தில் 1929-இல் கண்டுபிடித்தார்கள். முகத்துக்கும் அதே தத்துவம்தான். மருந்து உறையும் நேரம் அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்து மாறும். நமது ஊர் மழையில் அதோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை. முயன்று பார்ப்பவர்கள் சமையல் அடுப்பைப் பயன்படுத்த வேண்டாம். கந்தக நெடி அதில் தங்கிவிடும்.

வண்ணம் வெடித்து உதிர்கிறதே?

வெறும் அக்ரிலிக் வண்ணத்தை அடித்திருப்பீர்கள். ஸ்பாஞ்ச் மடங்கும், வண்ணம் மடங்காது. ரப்பர் பாலிலேயே வண்ணத்தைக் கலந்து பூசுங்கள். சில வண்ணங்கள் பாலைத் திரிய வைத்துவிடும், ஒரு கரண்டியில் கலந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். உலர்ந்தபின் நிறம் ஒரு படி கறுக்கும். ஆகவே கலக்கும்போது வெளிறியே இருக்கட்டும்.

கண்கள் நம்மைத் தொடர்வதுபோல இருக்கின்றனவே, அது எப்படி?

கண்ணைப் புடைப்பாக வைக்காமல் குழியாக வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பந்தைப் பாதியாக அறுத்து, உட்புறம் வெள்ளை அடித்து, ஆழத்தில் பாவையை, அதாவது கருமணியை வைத்து, குழிப்பக்கம் வெளியே தெரியும்படி பொருத்துங்கள். நீங்கள் இடப்பக்கம் நகர்ந்தால் குழியின் விளிம்பு எதிர்ப்பக்கத்து வெள்ளையை மட்டும் காட்டும், பாவை உங்கள் பக்கம் உருண்டதுபோலத் தோன்றும். மோட்டாரும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். முதல் முறை செய்து சுவரில் மாட்டிவிட்டு, நானே ஒரு மணி நேரம் அதன் முன் இங்கும் அங்கும் நடந்தேன்.

போட்டிருப்பவர் பார்க்க அந்தக் கண் உதவாது. கண்ணீர் வழியும் மூலையிலோ திறந்த வாயிலோ கறுப்பு வலைத்துணி வைத்து அங்கிருந்து பார்க்க வைக்கிறோம். உள்ளே இருட்டாகவும் வெளியே வெளிச்சமாகவும் இருக்கும்வரை வெளியாருக்கு வலை கறுப்பாகத்தான் தெரியும். உட்புறம் முழுவதும் கறுப்புத் துணி ஒட்டுங்கள்.

வாய் அசைய வைக்க முடியுமா?

முடியும். கீழ்த்தாடையைத் தனியாகச் செய்து, காதருகே கீல் வைத்து, உட்புறம் மோவாயை ஏந்தும் ஒரு கிண்ணம் பொருத்துங்கள். மூடுவதற்கு எலாஸ்டிக். கீலிலிருந்து மோவாய் 10 செ.மீ., விலங்கின் மூக்கு நுனி 30 செ.மீ. என்றால், நீங்கள் ஒரு செ.மீ. திறக்க அது மூன்று செ.மீ. திறக்கும். நீள வாய் விலங்குகளுக்கு இது அபாரமாக அமையும். கரடிக்குச் சுமார்தான்.

உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம்?

எங்கள் கணக்கு 20 நிமிடம். அதன் பிறகு தலையைக் கழற்றி, தண்ணீர் குடித்து, அவ்வளவு நேரமே ஓய்வு.

இந்தக் கணக்கு ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில் பிறந்தது. எங்கள் கரடியைப் போட்டிருந்த பையனுக்கு வயது இருபது. மண்டபத்தில் கூட்டம், ஏப்ரல் மாதம். முக்கால் மணி நேரம் ஆடியவன் மெல்லத் தரையில் உட்கார்ந்தான். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு படுத்தான். இன்னும் பலமாகத் தட்டினார்கள். கரடி தூங்குகிறது என்று நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பந்தி பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்து தலையைப் பிடுங்கினார். பையனின் முகம் வெந்த இறால் நிறத்தில் இருந்தது. "மக்களே, கண்ணைத் திற" என்று அவர் தண்ணீர் தெளித்தது இன்னும் காதில் இருக்கிறது. அவன் பிழைத்துக்கொண்டான். அந்தக் கரடிக்கு மூக்கு அழகாக இருக்க வேண்டும் என்று நான் காற்றுத் துளையை அடைத்திருந்தேன்.

இப்போது வாயில் காற்று நுழைய வழி, உச்சியில் வெளியேற வழி இரண்டும் இல்லாமல் தலை வெளியே போவதில்லை. உச்சியில் 8 செ.மீ. கணினி விசிறி ஒன்று, வெப்பக் காற்றை வெளியே தள்ளும்படி. பவர் பேங்கில் ஓடும் 5 வோல்ட் விசிறி போதும். உட்புறம் கட்டட வேலைக்காரர் ஹெல்மெட்டின் பட்டையைப் பொருத்தினால் ஸ்பாஞ்ச் மண்டையைத் தொடாது, நடுவே காற்று ஓடும். பின்புறம் ஜிப் வைக்காமல் வெல்க்ரோ வைக்கிறோம், யாராலும் ஒரே இழுப்பில் கழற்ற முடியும். தலைக்குப் பக்கத்தில் சாதாரண உடையில் ஓர் ஆள் எப்போதும் நிற்க வேண்டும். புதுத் தலை எதையும் முதல் 20 நிமிடம் நான் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் நடக்கிறேன். பால் வெட்ட வருபவர்களுக்கு இப்போது பழகிவிட்டது.

மத்தாப்பு, தீப்பந்தம் அருகே போகலாமா?

கூடாது. ஸ்பாஞ்ச் மளமளவென்று எரியும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். ஆரத்தித் தட்டுக்குக்கூடக் கரடி எட்டி நிற்கட்டும்.

காகிதக் கூழ் முகமூடி இருக்க இதெல்லாம் எதற்கு?

நல்ல காகிதக் கூழுக்கு நான் எதிரியல்ல. என் பாட்டி பழைய தாளை ஊறவைத்து, வெந்தயம் அரைத்துச் சேர்த்து, கூடைகளுக்கு மெழுகியதைப் பார்த்தவன் நான். தோளிலும் முகத்திலும் இறுக்கமாக நிற்க வேண்டிய வேடத்துக்குக் கூழே சிறந்தது. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு விரதமிருந்து வேடம் கட்டும் ஒருவர் வந்தார். எடை குறைவாகச் செய்து தருகிறேன் என்றேன். "நேர்ச்சைக்குப் போடுவது, கனம் தெரிய வேண்டும்" என்றார். அவரைக் கூழ் வேலை தெரிந்தவரிடம் அனுப்பிவைத்தேன். ஓடியாடிப் பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்க வேண்டிய வேடத்துக்குத்தான் ஸ்பாஞ்ச். மோதினால் இருவருக்கும் வலிக்காது.

ரோமத் துணி வெட்டும்போது அறை முழுவதும் முடி பறக்கிறது.

பின்பக்கம் திருப்பி, பிளேடு நுனியால் துணியை மட்டும் கீறுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம்.

எத்தனை ஆண்டு உழைக்கும்? எப்படிக் கழுவுவது?

ஸ்பாஞ்ச் ஒளி பட்டால் மஞ்சளாகும், பிறகு பொடியும். ரப்பர் தோலுக்கு எதிரிகள் மூன்று: வெயில், எண்ணெய், செம்பு. பித்தளை பட்டனும் செம்புக் கம்பியும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ரப்பர் சீக்கிரம் கெடும். எண்ணெய் பட்டால் ஊறி இளகும். நமது ஊரில் தலையில் தேங்காய் எண்ணெய் வைக்காத ஆளைத் தேட வேண்டும் என்பதால், பருத்திக் குல்லாய் போட்ட பிறகுதான் வேடத் தலை. குல்லாயும் கழற்றக்கூடிய உள்துணியும் ஒவ்வொரு முறையும் துவைக்கப்படும். தலையை நீரில் முக்காதீர்கள். உட்புறம் ஸ்பிரிட் தெளித்து, நிழலில், விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டி வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம். நன்றாக வைத்துக்கொண்டால் மூன்று நான்கு விழாக்காலம் வரும்.

ஒரு தலைக்கு எத்தனை நாள்? என்ன விலை?

ரோமம் இல்லாத தலைக்கு ஒரு வாரம், மழையில் இரண்டு. விலையில் பெரும்பகுதி பொருளுக்கு அல்ல, நாளுக்கு. விழாவுக்கு மூன்று நாள் முன்பு வந்து கேட்பவர்களுக்கு வாடகைத் தலை தருகிறோம். உடன் நிற்கும் ஆளும் எங்கள் ஆள்தான், அதில் பேரமில்லை.

தொலைக்காட்சியில் வரும் கார்ட்டூன் உருவத்தை அப்படியே செய்து தருவீர்களா?

மாட்டோம். அது இன்னொருவருடைய உரிமை.

வெட்டி எறியும் வேப்பிலைத் துண்டுகளை என்ன செய்கிறீர்கள்?

சாக்கில் சேர்த்து வைக்கிறோம். பெரியவை அடுத்த தலைக்குக் காதும் புருவமும் ஆகும். சின்னவற்றை ரவிக்கை தைக்கும் அக்கா வாங்கிப்போகிறார், தலையணைக்கு.